பதினோரு நொடி

காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் அந்தப் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் மெழுகு உருகும் வாசனை வந்துவிடும். சின்ன ஸ்பிரிட் விளக்கில் கத்தி நுனியைக் காட்டி, சூடேறியதும் இளஞ்சிவப்பு மெழுகை ஈறு மாதிரி வழித்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டிருப்பார் அண்ணன். பத்தொன்பது வருஷமாக அதே முக்காலி, அதே ஜன்னல். அவர் செய்த பல் செட்டை மாட்டிக்கொண்டு முன்னறையில் யாராவது முதல் தடவை கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் சுவரைத் தாண்டி அவர் காதுக்கு வரும். எழுந்து போய்ப் பார்க்க மாட்டார். போனால் பேச வேண்டியிருக்குமே.

அவருக்குத் திக்குவாய். சொல்ல வேண்டியது உள்ளே தயாராக இருக்கும், உதட்டுக்கு வந்ததும் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். அதிலும் 'ப' வரிசை என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது இவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே அவர் வராதவர் ஆன நாட்கள் நிறைய. வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு முறை பெண் பார்க்கப் போய், பெண்ணிடம் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது. அதற்குப் பிறகு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தம்பி அப்படியே நேர் எதிர். பேச்சுதான் அவனுக்குப் பிழைப்பு. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விளையாடிப் பார்த்து, நிறை என்ன, குறை என்ன என்று வீடியோவில் சொல்வான். நிகழ்ச்சியில் அவன் பெயர் 'தராசு'. பன்னிரண்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள். யாருக்கும் பயப்படாமல் பேசுவான், அதோடு சிரிக்க வைப்பான் என்று பெயர் எடுத்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது சங்கதிதான் அதிகம் பிடித்திருந்தது.

ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தம்பி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் அறையில் வைத்தான்.

"பழசுதான்ணா, ஆனா நல்லா ஓடும். எரிமுனைன்னு ஒரு விளையாட்டு புதுசா வந்திருக்கு, ஏத்தி வச்சிருக்கேன். போரடிச்சா சுட்டுக்கிட்டு இரு."

"ச... சரிடா."

அவ்வளவுதான். அண்ணன் அதில் என்ன செய்கிறார், யாரோடு ஆடுகிறார் என்று அதற்குப் பிறகு தம்பி ஒரு நாளும் கேட்டதில்லை.

எரிமுனை சாதாரண விளையாட்டு இல்லை. ஒரு நிஜ நகரத்தைக் கட்டலாம் என்கிற அளவுக்குக் காசைக் கொட்டி, ஏழு வருஷம் எடுத்துச் செய்தது. இடிந்த கட்டிடங்களுக்கு நடுவே மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தம் வேறு, இலையில் விழும் சத்தம் வேறு. நான்கு நான்கு பேராகக் குழு சேர்ந்து துப்பாக்கியோடு இறங்க வேண்டும். ஒருவர் அடிபட்டால் இன்னொருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம். மைக்கில் பேசினால் குழுவுக்குக் கேட்கும். பக்கத்தில் எதிராளி ஒளிந்திருந்தால் அவனுக்கும் கேட்கும். குரல்கள் எல்லாம் கரகரவென்று வயர்லெஸ்ஸில் வருவது போலவே வரும்.

அண்ணன் மருத்துவர் வேலையை எடுத்துக்கொண்டார். அதில் சுட வேண்டியது குறைவு, கட்டுப் போடுவதுதான் அதிகம். முதல் நாள் யார் யாரோடோ சேர்த்துவிட்டது கம்ப்யூட்டர். எதிராளி மாடியில் இருப்பதை இவர் பார்த்துவிட்டார். சொல்ல வாய் எடுத்தார். "மா... மா..." என்பதற்குள் நாலு பேரும் காலி. காது மாட்டியைக் கழற்றி வைக்கப் போனபோது ஒரு பெண் குரல் வந்தது.

"டாக்டரே, எங்க கிளம்பிட்டீங்க? நிதானமா சொல்லுங்க. செத்தாலும் இருபது செகண்டுல திரும்பி வந்துடப்போறோம். இங்க என்ன அவசரம்?"

அறையில் தனியாக உட்கார்ந்து அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் பெயர் விளையாட்டில் 'ஆந்தை'. வேறு ஏதோ ஊரில் நர்ஸ். இன்னொருவர் 'பூசணி', லாரி ஓட்டுகிறவர். மூன்றாவது ஆள் ஒரு நூலகர், 'சுண்டெலி'. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வேலை முடிந்து ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது வரைக்கும் நால்வரும் ஒன்றாக இருப்பார்கள். அண்ணன் பேச ஆரம்பித்தால் மற்ற மூவரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் சொல்ல வந்த வார்த்தையை யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள். முடிக்கட்டும் என்று இருப்பார்கள். அதனால் பல ஆட்டம் தோற்றார்கள். பூசணி மட்டும், "டாக்டர் சொல்லி முடிச்சாருல்ல, அது போதும், அடுத்தது பாப்போம்" என்பார்.

எட்டு மாதத்தில் அண்ணனிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. திக்குவது போகவில்லை. திக்குமே என்கிற பயம் போய்விட்டது. இதை முதலில் கவனித்தவள் தம்பியின் மனைவி. மின்தடைப் புகார் பிரிவில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலைக் கேட்டு, விலாசம் எழுதி, ஆள் அனுப்ப வேண்டும். காலையில் அவசரமாகச் சாப்பிடும்போது மேஜைக்கு எதிரே அண்ணன் தானாகவே பேச்சுக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

"நே... நேத்து ஒருத்தருக்கு செட்டு மாட்டினோம்மா. எ... எண்பது வயசு. முதல்ல என்ன கேட்டார் தெ... தெரியுமா? வி... விசில் அடிக்க வருமான்னு."

"வந்துச்சா மாமா?"

"வ... வந்துச்சே! ஆ... ஆஸ்பத்திரியே திரும்பிப் பாத்துச்சு."

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டாள். பல் செட் செய்யக் கற்றுக்கொள்ள ஆறு பேர் வரப்போகிறார்கள், வாரத்துக்கு மூன்று வகுப்பு, அவர்தான் எடுக்க வேண்டும் என்றாள். "உங்க கை மாதிரி இன்னொரு கை எனக்குக் கிடைக்காது. உங்களால முடியலன்னா கட்டாயப்படுத்த மாட்டேன்."

அண்ணன் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் போய், "எ... எடுக்கிறேன்" என்றார். அன்று மாலை எரிமுனையில், இடிந்த சுவர் ஒன்றின் பின்னால் பதுங்கிக்கொண்டு, மூன்று பேருக்கும் முதல் பாடத்தை நடத்திக் காட்டினார். முன்பல் எதற்கு, கடைவாய்ப்பல் எதற்கு, மெழுகை ஏன் இரண்டு தடவை சூடாக்க வேண்டும். தலைக்கு மேல் குண்டு பறந்துகொண்டிருந்தது. பூசணி நடுவில் சந்தேகம் வேறு கேட்டார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எரிமுனையை மாதக்கணக்கில் ஆடிப் பார்த்துவிட்டுத் தம்பி செய்த விமர்சனம் வெளிவந்தது. நன்றாகத்தான் செய்திருந்தான். நிறைகளை ரசித்துச் சொன்னான்: வெளிச்சம், மழை, ஓடும் காலடிச் சத்தத்தை வைத்தே எதிராளி இருக்கும் திசையைக் கண்டுபிடிக்க முடிகிற ஒலி, முன்பின் தெரியாத நாலு பேரைக் கூட்டாளியாக்கிவிடும் அமைப்பு. குறைகளையும் விடவில்லை. துப்பாக்கிக்குச் சாயம் பூசக்கூடக் காசு பிடுங்குகிறார்கள், திருட்டுத்தனமாகச் சுவர் தாண்டிப் பார்க்கும் ஆட்களைத் தடுக்க வழியில்லை, கூட்டம் சேர்ந்தால் சர்வர் படுத்துவிடுகிறது, மைக்கில் யார் யாரை என்ன திட்டினாலும் கேட்க நாதி இல்லை.

இந்தக் கடைசிக் குறையைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே அவன் அதைச் செய்தான். ரசிகன் ஒருவன் அனுப்பிய பதினோரு நொடி வீடியோத் துண்டு ஒன்று கையில் இருந்தது. அதில் ஒரு மருத்துவர், குழுவுக்குப் பின்னால் எதிராளி வருவதைப் பார்த்துவிட்டு, "ப... ப... ப..." என்று தவிக்கிறார். குழுவில் மூன்று பேரும் வரிசையாகச் சாய்கிறார்கள். எல்லோரும் விழுந்த பிறகு, "...பின்னாடி" என்று வார்த்தை வந்து சேர்கிறது.

தம்பி மேஜையைத் தட்டிச் சிரித்தான். "நான் இத்தனை நாளா சர்வர்தான் ஸ்லோன்னு நெனச்சேன் மக்களே. எரிமுனையோட பெரிய குறை இதோ, இந்த டாக்டர்! இவர் பின்னாடின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நமக்குப் பதினாறாம் நாள் முடிஞ்சிடும்!"

விமர்சனத்தின் மற்ற இருபது நிமிடத்தை ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்தார்கள். பதினோரு நொடி மட்டும் வீடு வீடாகப் போயிற்று. யாராவது பேச்சில் சற்றே தடுமாறினால் போதும், "ப... ப... பின்னாடி!" என்று கத்தி, கூட இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து திரும்பிப் பார்ப்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஆந்தைக்கு அது யார் குரல் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. மூவரும் தங்களுக்குள் பேசி, டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எரிமுனையில் முகம் தெரியாத எவனோ அந்தச் சொல்லைக் கத்தும்போதெல்லாம் ஆந்தை, "விடுங்க டாக்டரே, யாரையோ சொல்றான்" என்று பேச்சை மாற்றினாள். அண்ணனுக்குத் தம்பியின் வீடியோக்களைப் பார்க்கும் வழக்கம் இல்லை. வேகமாகப் பேசுவது அவர் காதுக்கு ஆகாது.

விமர்சனம் வந்து பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை, முதல் வகுப்பு. சலவை செய்த சட்டை, புதிதாகக் கூர் தீட்டிய மெழுகுக் கத்தி. ஆறு பேர் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் வயது இருபதுக்குள். அண்ணன் பிளாஸ்டர் அச்சைக் கையில் தூக்கிக் காட்டினார். மூச்சை உள்ளே இழுத்தார். பாடத்தின் முதல் சொல்லே அவருக்கு ஆகாத எழுத்தில்தான் தொடங்கியது.

"ப... ப... ப..."

"பின்னாடி!" என்றான் கடைசியில் இருந்தவன்.

நினைத்துச் சொன்னதல்ல அது. வாயில் இருந்தது வந்துவிட்டது. மற்ற ஐந்து பேரும் பழக்க தோஷத்தில் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அடக்க முடியாமல் சிரிப்பு.

அண்ணன் அச்சை மேஜையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒரு பெண் பதறிப்போய் எழுந்து வந்தாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்கள சொல்லல. இது ஒரு வீடியோ சார், எல்லாரும் சொல்றதுதான். இதோ பாருங்களேன்." அவர் மனம் ஆறட்டும் என்று நினைத்து அவள் கைப்பேசியை நீட்டினாள்.

அவர் பார்த்தார். முதலில் தன் குரலைக் கேட்டார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரிக்கிற தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்து, கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, டாக்டரம்மாவின் மேஜை மேல் ஒரு சீட்டு எழுதி வைத்தார். 'வகுப்பு வேண்டாம். மன்னிக்கவும்.' நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அன்றோடு அவர் பேச்சு நின்றது. கேட்டதற்குத் தலையை ஆட்டுவார், இல்லையென்றால் துண்டுக் காகிதத்தில் எழுதுவார். தம்பி அவரைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்கள். "ஏதாவது வைரஸா இருக்கும்ணா, ரெண்டு வாரத்துல சரியாயிடும்" என்று தம்பி தேற்றினான். அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது வாரம், புகார் பிரிவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து இருக்கைக்காரி கைப்பேசியில் ஒரு வீடியோத் துண்டைப் போட்டுக் காட்டிச் சிரித்தாள். தம்பி மனைவி மூன்றாவது நொடியில் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். ஆயிரம் குரலைக் கேட்கிறவள். கரகரப்பு, வயர்லெஸ் எல்லாவற்றையும் தாண்டி, அந்த 'ப'வுக்கு முன்னால் இழுக்கிற சின்ன மூச்சு அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து கேட்டதுதானே.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். நேராகக் கணவனின் அறைக்குப் போனாள். அவன் அடுத்த வீடியோவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான்.

"அந்த எரிமுனை வீடியோல ஒரு டாக்டர் வராரே, அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எவனோ ஒருத்தன். ஏன், செம ஹிட்டு இல்ல அது?"

"இன்னொரு தடவ போட்டுக் கேளுங்க. சிரிக்காம கேளுங்க."

அவன் போட்டான். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை சீப்பு கையிலிருந்து விழுந்தது.

"கூடப் பொறந்தவர் குரல்ங்க" என்றாள் அவள். "நான் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆச்சு."

அன்றே தம்பி அந்த வீடியோவை நீக்கிவிட்டான். மறுநாள் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டு இன்னொன்று போட்டான். அதற்குள் அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போய்விட்டிருந்தது. அதைத் திரும்ப வாங்க யாராலும் முடியாது. மன்னிப்பு வீடியோவின் அடியிலேயே, "ப... ப... பாவம்" என்று எழுதி நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அவன் வளர்த்த கூட்டம்தான். யாரைத் திட்டுவது?

டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்து, வகுப்பில் நடந்ததைத் தெரிந்துகொண்டு, அண்ணனுக்கே அந்த வகுப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கேட்டான். "அந்தப் பசங்க ஆறு பேரும் உங்க வீட்டுக்கு வந்து நின்னாங்களே, தெரியுமா? அவர் கதவத் திறக்கல. வேற ஆள் போட்டுட்டேன் தம்பி. அவர் வேலைக்கு வராரு, செட்டு செய்றாரு. ஆனா முன்னாடியெல்லாம் இங்க வேலை செய்ற பொண்ணுங்க யாராவது பின்னறைக்குப் போனா ரெண்டு வார்த்த பேசுவார். இப்ப கதவ உள்பக்கமா தாழ் போட்டுக்கிறார்" என்றாள்.

ஒரு மாலை அண்ணன் தம்பியிடம் ஒரு சீட்டை நீட்டினார். 'எரிமுனையில் என் கணக்கை அழித்துவிடு. எனக்கு வழி தெரியவில்லை.' தம்பி அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காது மாட்டியைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தான். நுழைந்ததும் மூன்று குரல்கள் ஒன்றாகக் கூவின; ஆந்தையின் குரல்தான் மேலே கேட்டது.

"டாக்டரே! வந்துட்டீங்களா? சுண்டெலி, பூசணி, பாருங்க, டாக்டர் வந்துட்டார்! எத்தன நாளாச்சு!"

அவனுக்குப் பேச்சு எழவில்லை. அவர்கள் பொறுமையாக இருந்தார்கள். எவ்வளவு நேரமானாலும் டாக்டர் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் கடைசியில் சொன்னான்: "நான் அவரில்லீங்க. அவரோட தம்பி."

ஆந்தை, "நீங்க தராசு தானே?" என்றாள். "குரலக் கேட்டதும் தெரிஞ்சிடுச்சு."

"ஆமா."

"அன்னைக்கு அந்த ஆட்டத்துல செத்த மூணு பேரும் நாங்கதான். நாங்க யாரும் சிரிக்கல. எங்கள காப்பாத்த அவர் எவ்வளவு பாடுபட்டார்னு நெனச்சோம். அவர் எப்படி இருக்கார்?"

"பேசறதில்லீங்க."

பூசணி குறுக்கிட்டார். "நாலாவது எடத்துக்கு நாங்க இன்னும் யாரையும் சேக்கலன்னு சொல்லுங்க தம்பி."

தம்பி கணக்கை அழிக்காமல் எழுந்து வந்தான். அண்ணன் கொல்லைப்பக்கப் படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் போய் உட்கார்ந்தான். அவர்கள் சொன்னதைச் சொன்னான். அண்ணன் ஊசியை நிறுத்திக் கேட்டார். கண் கலங்கியது. தலையை மட்டும் இடதும் வலதுமாக ஆட்டினார். திரும்பப் போகிற தெம்பு அவரிடம் இல்லை.

"மன்னிச்சிடுண்ணா" என்று தம்பி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சத்தியமா அது நீதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா?"

அண்ணன் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். பிறகு உதடு அசைந்தது. இரண்டரை மாதத்துக்குப் பிறகு வந்த பேச்சு. ஒவ்வொரு எழுத்தும் முள்ளில் சிக்கிய துணி மாதிரி கிழிந்து கிழிந்து வந்தது.

"அ... அதான்டா தப்பு. எ... என் குரல்னு தெரியலங்கறது தப்பில்ல. நா... நானா இல்லாம வேற ஒருத்தனா இருந்தா ப... ப... பரவால்லன்னு நெனச்ச பாரு, அ... அதுதான் தப்பு. மு... முகம் தெரியாதவனும் ஒரு வீ... வீட்டுல இருக்கிற மனுஷன்தான்டா. அ... அவனப் பாத்துச் சிரிக்கிறதுக்கு முன்னாடி, அ... அது நம்ம அண்ணனா இருந்தா சி... சிரிப்போமான்னு ஒரு நிமிஷம் யோ... யோசிக்கணும். யோ... யோசிச்சா உலகத்துல பாதிப் பேரு வாய மூடிக்கிட்டு வீ... வீட்டுக்குள்ள உக்கார வேண்டியிருக்காது."

சொல்லி முடித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். தம்பி அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.